ரசமட்டம்: எம்.ஆர்க்., எம்.பிளான். கேள்வி-பதில்

கட்டடக்கலை, நகரமைப்பு, லேண்ட்ஸ்கேப் முதுகலைப் படிப்புகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பதினேழு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். மற்ற பதினாறு பேரும் பக்கத்து சீட்காரர் பேப்பரை எட்டிப் பார்ப்பதுபோல் படித்துக்கொள்ளவும். 'வீட்டில் தெரிந்தால் வம்பு' என்று பலர் எழுதியிருந்ததால் பெயர்களை எடுத்துவிட்டோம். ஊர் மட்டும் மிச்சம்.

● பி.ஆர்க். கடைசி வருட மாணவி, திருநெல்வேலி: ஆர்க்கிடெக்சர், பிளானிங், லேண்ட்ஸ்கேப்: மூன்றுக்கும் வித்தியாசம் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரு வரியில் அடங்காது, நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்வாருங்கள். கருவறையும் மண்டபமும் கட்டடக்கலை. தேர் திரும்பும் அளவுக்கு ரத வீதியை அகலமாக விட்டது நகரமைப்பு. தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியையும், நிறைந்தால் போகும் வழியையும் யோசித்தது லேண்ட்ஸ்கேப். அன்றைக்கு மூன்றையும் சேர்த்தே யோசித்தார்கள். இன்றைக்கு மூன்று பட்டம், மூன்று துறை. மழை மட்டும் இன்னும் ஒன்றாகத்தான் பெய்கிறது.

● ஓர் அப்பா, கோயம்புத்தூர்: ஐந்து வருஷம் பி.ஆர்க். படிக்கவைத்தேன். இப்போது எம்.ஆர்க். என்கிறான். அது இல்லாமல் ஆர்க்கிடெக்ட் ஆக முடியாதா?

தாராளமாக ஆகலாம் ஐயா. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பி.ஆர்க். முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தால் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். எம்.ஆர்க். இரண்டு பேருக்குத் தேவை: கல்லூரியில் பாடம் நடத்த விரும்புகிறவர், ஒரு துறையில் ஆழம் பார்க்க விரும்புகிறவர். 'வேலை கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்கவேண்டாமே' என்று மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு. அதிகம் பேர் சேருவது அதற்காகத்தான். அதிகம் பேர் வருந்துவதும் அதனால்தான். உங்கள் மகன் இதில் எந்த ரகம் என்று ஒரு டீயோடு உட்கார்ந்து கேட்டுவிடுங்கள்.

● வரைபடக்காரர், கரூர்: பதிவு இல்லாதவன் கட்டடம் வடிவமைப்பது குற்றமா?

2020-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் காப்பாற்றுவது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப்பெயரை. வடிவமைக்கும் வேலையை மற்றவர்களுக்கு அது தடுக்கவில்லை. ஆகவே கையில் பென்சில் இருக்கலாம், கார்டில் 'ஆர்க்கிடெக்ட்' இருக்கக் கூடாது. ஊருக்குத் தக்கபடி அனுமதி விதிகள் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

● மாணவர், மதுரை: கேட் தேர்வு எழுதியே ஆகவேண்டுமா?

ஐ.ஐ.டி., ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் (எஸ்.பி.ஏ.) போன்ற மத்திய நிறுவனங்களுக்கு அதுதான் ராஜபாட்டை. தாளின் பெயர் 'ஏ.ஆர்.' மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். பொது அறிவுத்திறனுக்கு 15, எல்லோருக்கும் பொதுவான பகுதிக்கு 60, கடைசி 25-க்குக் கட்டடக்கலை அல்லது நகரமைப்பில் ஒன்றை எடுக்கலாம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.பிளான். சேர்க்கைக்கு 2023 முதல் 'சீட்டா' என்று தனித் தேர்வு நடத்துகிறது. பெயரைப் பார்த்து ஓட்டப்பந்தயம் என்று நினைக்கவேண்டாம், உட்கார்ந்து எழுதுவதுதான்.

● அதே மாணவர்: உதவித்தொகை உண்டா?

கேட் வழியாக மத்திய நிறுவனங்களில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். பெரிய நகரத்தில் அறை வாடகை போக டீ, பிளாட்டர் பிரிண்ட், ஒரு மாடலுக்கு வேண்டிய அட்டை. அப்பாவிடம் கேட்பதை நிறுத்த முடியாது, கொஞ்சம் குறைக்கலாம்.

● சிவில் இன்ஜினியர், ஈரோடு: நான் பி.ஆர்க். படிக்கவில்லை. எனக்கு வழி உண்டா?

எம்.ஆர்க். கதவு பி.ஆர்க்-காரர்களுக்கே. எம்.பிளான். கதவு அகலம். சிவில் படித்தவர், பி.பிளான். படித்தவர் வரலாம், பல இடங்களில் புவியியல், பொருளாதாரம், சமூகவியல் முதுகலைப் பட்டதாரிகளும் வரலாம். அந்த வகுப்பின் ருசியே அதுதான். ஒரு தெருவைக் காட்டினால் ஆர்க்கிடெக்ட் முகப்பைப் பார்ப்பார், இன்ஜினியர் பள்ளத்தைப் பார்ப்பார், பொருளாதாரக்காரர் கடை வாடகையைக் கேட்பார், சமூகவியல்காரர் 'அந்த ஓரத்துத் திண்ணையில் யார் உட்காரக் கூடாது?' என்பார். நாலு பேரும் ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த செமஸ்டர் பாஸ்.

● பி.எஸ்சி. இயற்பியல், வேலூர்: எனக்கு நேராக எம்.ஆர்க்.?

இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஏறக்குறைய மூன்று வருட எம்.ஆர்க். உண்டு. ஆனால் முடித்துவிட்டு இங்கே வந்து ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்ய நினைத்தால், விமானம் ஏறுமுன் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறங்கியபிறகு கேட்டால் பதில் மாறாது, வயது மாறியிருக்கும்.

● முன்னாள் மாணவர், சென்னை: நம் ஊரில் இந்தப் படிப்பு எப்போது தொடங்கியது?

1957-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது கிண்டி பொறியியல் கல்லூரி, ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி. இவற்றோடு நாலாவது உறுப்பானது. இப்போது ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங். பொது எம்.ஆர்க்., லேண்ட்ஸ்கேப் எம்.ஆர்க்., எம்.பிளான். மூன்றும் அங்கே உண்டு. திருச்சி என்.ஐ.டி-யில் எரிசக்திச் சிக்கனக் கட்டடக்கலையில் எம்.ஆர்க். இருக்கிறது. எல்லை தாண்டினால் விஜயவாடா, போபால் எஸ்.பி.ஏ-க்கள் (இரண்டும் 2008), தில்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், காரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி-க்கள்.

● இல்லத்தரசி, சேலம்: எம்.ஆர்க்-கில் வாஸ்து சொல்லித்தருவார்களா?

காற்று எந்தப் பக்கம் வரும், மேற்கு வெயில் எந்தச் சுவரில் அடிக்கும் என்று சொல்லித்தருவார்கள். சமையலறை எந்த மூலையில் என்று மாமனார் சொல்லித்தருவார். மரபுக் கட்டடக்கலையையே முறையாகப் படிக்க ஆசையென்றால் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அதுவும் 1957-தான்! கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அங்கே தலைமை வகித்தவர். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு. சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் சேர்த்து. ஸ்தபதி போட்ட கணக்கு அது. 'ஈசானியத்தில் இரண்டு அடி இடியுங்கள்' என்பது கணக்கு அல்ல, கட்டணம்.

● வரலாற்று ஆசிரியர், காஞ்சிபுரம்: நகரமைப்பு என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்த படிப்புதானே?

படிப்பாக, ஆமாம். 1909-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் முதல் துறை தொடங்கியது. காசு கொடுத்தவர் சன்லைட் சோப்பு முதலாளி லீவர், அதுவும் பத்திரிகைகள் மேல் அவதூறு வழக்குப் போட்டு வாங்கிய நஷ்ட ஈட்டிலிருந்து. ஊரை வெளுக்கும் படிப்புக்குச் சோப்புக்காரர் காசு பொருத்தம்தான்.

ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் வந்த வெள்ளைக்காரர் கதை வேறு. பாட்ரிக் கெட்டிஸ், ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியர். சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து 1914-ல் வந்தார். உலக நகரங்களைப் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்றைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார். அந்தக் கப்பலை அக்டோபரில் கடலில் மூழ்கடித்தது யார் தெரியுமா? எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுப் போன அதே எம்டன்தான். 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அதில் கெட்டிஸுக்கும் பங்கு உண்டு. அவர் ஊரிலிருந்த நண்பர்கள் மறுபடி படங்கள் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது.

அப்புறம் தஞ்சாவூர், மதுரை என்று மாகாணத்து ஊர்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கை எழுதினார். அன்றைய இன்ஜினியர்களுக்கு ஒரே மருந்து: நெரிசலா, வீடுகளை இடி, நேராகச் சாலை போடு. இவர் சொன்னது, வெட்டுகிற கையைக் கொஞ்சம் அடக்குங்கள். எந்த வீட்டை எடுத்தால் காற்று வரும், எந்த மரத்தை விட்டால் நிழல் நிற்கும் என்று வீடு வீடாகப் பாருங்கள் என்றார். கோயில் நகரங்களை அவர் பழமை என்று ஒதுக்கவில்லை. ஆக, படிப்பு அங்கிருந்து வந்தது. பாடத்தில் பாதி இங்கிருந்து போனது.

● அதே ஆசிரியர்: கெட்டிஸ் சொன்னதை யாராவது கேட்டார்களா?

இந்தூரில் கேட்டார்கள். 1917 வாக்கில் அங்கே பிளேக். மகாராஜாவிடம் பேசித் தீபாவளிக்கு ஒருநாள் ராஜாவாக அமர்ந்தார் கெட்டிஸ். ஊர்வலம் வழக்கமான வீதியில் போகாது, எந்தத் தெரு அதிகம் சுத்தமாக இருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்தார். அவ்வளவுதான், வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. அபராதம் போட்டால் சுத்தமாகாத தெரு, சாமி வருகிறது என்றால் கோலமே போடும். நூறு வருடம் கழித்து 2017-லிருந்து இந்தியாவின் சுத்தமான நகரம் என்று வருடா வருடம் பரிசு வாங்கியதும் இந்தூர்தான். இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. காலண்டர் தானாகப் போடுகிறது.

● தொடர்ந்து மூன்று முறை ஜூரியில் (டிசைன் மதிப்பீட்டில்) அழுதவர், புதுச்சேரி: கெட்டிஸ் எந்தக் கல்லூரியில் பட்டம் வாங்கினார்?

வாங்கவே இல்லை. எடின்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரத்தில் வெளியேறியவர். பிறகு லண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் படித்தார், பட்டத்துக்கு உட்காரவில்லை. அப்படியும் 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. இதைக் காட்டி அப்பாவிடம் தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள். இன்றைக்கு அவர் விண்ணப்பித்தால் சான்றிதழ் சரிபார்ப்பிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

● அரசு ஊழியர், விழுப்புரம்: மாஸ்டர் பிளான் வரைபடத்தில் இத்தனை வண்ணம் எதற்கு?

மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, சிவப்பு பள்ளி, மருத்துவமனை போன்ற பொதுப் பயன்பாடு, பச்சை வயலும் திறந்தவெளியும். எம்.பிளான். முதல் செமஸ்டரில் இதை மனப்பாடமாக்கிவிடுவார்கள். பச்சை மஞ்சளாவது மரத்து இலைக்கு வருடத்தில் ஒரு தடவை; மாஸ்டர் பிளானில் அதற்குக் கோடைகாலம்கூட வேண்டாம், ஒரு மனு போதும்.

● வீடு கட்டப்போகிறவர், தாம்பரம்: எஃப்.எஸ்.ஐ. என்று மிரட்டுகிறார்களே, அது என்ன?

மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4,800. வீடு கட்டுகிறவர் அந்தக் கணக்கோடு நிறுத்திவிடலாம். தெருவில் நாற்பது மனையும் 4,800 கட்டினால் குடிநீர் எங்கிருந்து, கழிவுநீர் எங்கே, நாற்பது வீட்டுக் காரும் எந்த ஓரத்தில் என்று அடுத்த கணக்கைப் போடுகிறவர் பிளானர். அவரை யாரும் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவதில்லை.

● நர்சரி வைத்திருப்பவர், நாகர்கோவில்: லேண்ட்ஸ்கேப் என்றால் புல்தரை போட்டுப் பூச்செடி வைப்பதுதானே? அதற்கா இரண்டு வருஷம்?

புல்தரைக்கு இரண்டு நாள் போதும் அண்ணாச்சி, அதுவும் நீங்களே வந்து போட்டுவிடுவீர்கள். இரண்டு வருடம் எதற்கு என்று ஒரு கதையாகச் சொல்கிறேன்.

ஒரு மாணவர் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைக்குப் பூங்கா வரைந்துவந்தார். நடைபாதை, நிழல், பிள்ளைகள் ஆட ஊஞ்சல், எல்லாம் லட்சணமாக இருந்தது. கரையின் ஒரு கோடியில் 60 சென்டிமீட்டர் மண் கொட்டி மேடாக்கிக் கார் நிறுத்துமிடம். "ஏன் தம்பி அங்கே?" என்றேன். "அங்கதான் சார் கரை தாழ்ந்து, கல்லு பாவி, யாருக்கும் பயன்படாம கிடந்துச்சு" என்றார்.

அதன் பெயர் கலங்கல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போகட்டும் என்று வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டிய இடம். அங்கே வழிகிற தண்ணீர்தான் அடுத்த ஏரிக்கு வரத்து. 60 சென்டிமீட்டர் மேடு போட்டால் ஏரி மட்டமும் அந்த அளவுக்கு ஏறும். ஏறின தண்ணீர் உள்வாய்ப் பக்கம் வயலில், வீட்டில் நிற்கும். இல்லையென்றால் கரை இளைத்த இடமாகப் பார்த்து உடைத்துக்கொள்ளும்.

வாயால் சொன்னால் தலையாட்டுவார் என்று களிமண்ணில் அந்த ஏரியைச் செய்யச்சொன்னேன். கரை, மதகு, கலங்கல், அவர் போட்ட மேடு எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்துச் செய்துவந்தார். ஒரு சொம்பில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினோம். மேடு நின்றது, கரை போனது. மேசையில் இருந்த அவருடைய ஷீட்டும் போனது. அடுத்த வாரம் கார் நிறுத்துமிடம் சாலையோரத்துக்கு வந்துவிட்டது. இப்படி ஒரு நூறு சொம்புத் தண்ணீர் ஊற்றித்தான் அந்த இரண்டு வருடம் கழிகிறது.

● ஐ.டி. ஊழியர், சென்னை: தி.நகரில் ஒரு மழைக்கே தண்ணீர் நிற்கிறதே, ஏன்?

இருந்த இடத்தைத் தேடி வருகிறது. 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வற்றவைத்துப் பிறந்த பேட்டை அது. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. லேக் போய் ஏரியா மட்டும் மிஞ்சியதற்கு இதைவிட நேர்மையான பெயர்ப்பலகை கிடையாது.

● தமிழ் வழியில் படித்தவர், ராமநாதபுரம்: ஆங்கிலம் தடுமாறும். சமாளிக்க முடியுமா?

முதல் செமஸ்டர் தடுமாறும், இரண்டாவதில் பழகிவிடும். உங்களிடம் இருப்பது மற்றவர்களிடம் இல்லை என்பதைச் சொல்லட்டுமா? ஆங்கிலத்தில் எல்லாமே 'டேங்க்'. உங்களுக்கோ கண்மாய் வேறு, ஏந்தல் வேறு, ஊருணி வேறு. கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிக்க. வடக்கே வந்தால் ஏரி, தாங்கல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயரிலேயே சைட் அனாலிசிஸ் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர் இலக்கணப் பிழைக்கு அஞ்சவேண்டாம்.

● வேலை தேடுபவர், திருவண்ணாமலை: எம்.பிளான். முடித்தால் வேலை கிடைக்குமா?

2021-ல் நிதி ஆயோக் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாநில நகரமைப்புத் துறைகளில் ஒப்புதல் பெற்ற 3,945 பணியிடங்களில் 42 சதவீதம் காலி. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு மாஸ்டர் பிளானே இல்லை. படித்ததும் 'அடேயப்பா, எத்தனை வேலை!' என்று துள்ளத் தோன்றும். காலியிடம் வேறு, நியமனம் வேறு. பிளானர் பதவிக்குப் பிளானிங் படித்திருக்கவேண்டும் என்ற கட்டாயமே பல மாநிலங்களில் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. கண்ணாஸ்பத்திரியில் பல் டாக்டர் போல. நம் மாநிலத்தில் நகர் ஊரமைப்புத் துறை உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, அறிவிக்கையில் கண் வையுங்கள். 2022-ல் சென்னைப் பெருநகரப் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. ஐந்து மடங்கு நிலம். ஆட்களும் ஐந்து மடங்கு ஆவார்களா என்று நீங்களும் கேளுங்கள், நானும் கேட்கிறேன்.

● அத்தை, கும்பகோணம்: என் அண்ணன் மகள் லண்டனில் எம்.ஆர்க். படிக்கப்போகிறாள். நல்லதா?

பயணம் நல்லது அம்மா, பட்டத்தின் பெயரில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் கட்டடக்கலைஞர் ஆகும் வழக்கமான வழி: மூன்று வருடப் பட்டம், அது பார்ட் 1, ஒரு வருட வேலை, இரண்டு வருட எம்.ஆர்க்., அது பார்ட் 2. மறுபடி வேலை, பார்ட் 3 தேர்வு. ஆக, அங்கே எம்.ஆர்க். பெரும்பாலும் அடிப்படைப் படிப்பின் பின்பாதி. நம் பெண் ஐந்து வருட பி.ஆர்க்-கில் அதில் பெரும்பங்கைப் பார்த்துவிட்டாள். அங்கேயே ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்வது நோக்கமென்றால் பதிவு வாரியமான ஏ.ஆர்.பி. என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்கட்டும். ஒரு துறையைக் கற்றுவருவது நோக்கமென்றால் எம்.ஏ., எம்.எஸ்சி. பெயரில் ஒரு வருடப் படிப்புகளைத் தேடட்டும். நகரமைப்புக்கு ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிட்யூட் (ஆர்.டி.பி.ஐ.) அங்கீகாரம், லேண்ட்ஸ்கேப்புக்கு லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிட்யூட் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஊறுகாயை அவள் மறக்கமாட்டாள். இதை மறந்துவிடுவாள், நீங்கள் நினைவூட்டுங்கள்.

● குழப்பத்தில் இருப்பவர், திருச்சி: பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாரும் முதுகலை படித்தவர்களா?

சார்லஸ் கொரியா 1955-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் எம்.ஆர்க். பெற்றவர். பாலகிருஷ்ண தோஷி முதுகலை பக்கமே போகாமல் பாரிசில் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயிடம் வேலைக்குச் சேர்ந்தவர். 2018-ல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர். முதுகலை படிக்காத அவர்தான் அகமதாபாத்தில் 1962-ல் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கி, இன்று அது வளர்ந்து நிற்கும் செப்டில் ஊரெல்லாம் முதுகலை படிக்க வழிசெய்தார். நல்ல ஆசானிடம் போய்ச்சேர்வதுதான் விஷயம். ஆசான் கல்லூரியிலும் இருக்கலாம், அலுவலகத்திலும் இருக்கலாம்.

● பயந்த பெண், தூத்துக்குடி: சைட் வேலை பெண்களுக்குச் சரிவராது என்கிறார்களே?

கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா 1948-லேயே பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகமான ஆர்.ஐ.பி.ஏ-வின் அசோசியேட் ஆன முதல் ஆசியப் பெண். எழுபத்தைந்து வருடம் கழித்தும் இதே கேள்வி என்றால் சரிவராதது சைட்டில் இல்லை, சொன்னவரிடம்.

● விண்ணப்பதாரர், ஓசூர்: ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸில் என்ன எழுதுவது?

'சிறு வயதில் கடற்கரையில் மணல் வீடு கட்டினேன்' என்று மட்டும் வேண்டாம். அந்த விண்ணப்பக் கட்டில் எல்லோரும் மணல் வீடு கட்டியிருப்பார்கள். ஓசூரில் நீங்கள் தினமும் பார்க்கிற ஒரு சிக்கலை எழுதுங்கள்: எந்த இடம், எப்போதிலிருந்து, யாருக்குத் தொல்லை, உங்களுக்கு அதில் எது புரியவில்லை. புரியாததைத் தெளிவாகச் சொல்கிறவருக்கு இடம் கொடுக்கத்தான் பல்கலைக்கழகம். போர்ட்ஃபோலியோவிலும் அப்படியே. பளபளக்கும் கடைசிப் படம் ஒன்று போதும். அதற்குமுன் கிழித்துப்போட்ட மூன்று ஸ்கெட்சையும் வையுங்கள்.

● எழுத்தில் நடுக்கம் தெரிகிறது, கடலூர்: ஜூரியில் நீங்கள் மாட்டியதுண்டா?

உண்டு. ஒரு வீடு வரைந்திருந்தேன். செக்‌ஷன் முத்துப்போல் இருக்கும், நானே இரண்டு முறை நின்று பார்த்தேன். வெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், வெற்றிலைக் காவிப் பல், ஷீட்டை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மொட்டைமாடித் தண்ணி எங்க போகுது?"

"பைப்ல சார்."

"பைப் எங்க போகுது?"

"தெருவுக்கு சார்."

"தெருவுலேர்ந்து?"

என் ஷீட் சுற்றுச்சுவரோடு முடிந்திருந்தது. நானும் முடிந்துபோனேன். அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்துச் சுவருக்கு வெளியே, வெள்ளைத்தாளில் ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். முதுகலைப் படிப்பு என்ன சொல்லித்தருகிறது என்று இத்தனை பேர் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்விக்குறியைத்தான்.

● கம்ப்யூட்டர் மாணவர், கோவில்பட்டி: ஏ.ஐ. அரை நிமிஷத்தில் படம் போடுகிறதே, இனி எதற்குப் படிப்பு?

அந்தப் படங்களில் எப்போதும் மாலை வெயில். பக்கத்து வீட்டுக்காரர் இருப்பதில்லை, மழை பெய்வதில்லை, குப்பை லாரி வருவதில்லை. அதெல்லாம் இருக்கிற ஊரில் கட்டுவதாக இருந்தால் படியுங்கள்.

● பொறுமையில்லாதவர், திருப்பூர்: லேண்ட்ஸ்கேப் வேலையின் பலன் எப்போது கண்ணுக்குத் தெரியும்?

உங்கள் காலத்திலேயே தெரிந்தால் அதிர்ஷ்டம். தில்லியில் சுந்தர் நர்சரி என்று 90 ஏக்கர் பூங்கா. புதுத் தலைநகருக்கு எந்த மரம் பிழைக்கும் என்று சோதிக்க ஆங்கிலேயர் வைத்த நாற்றங்கால் அது. அதை மறுபடி வடிவமைத்தவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் முகமது ஷாஹீர். 2018-ல் திறந்தார்கள். அவர் 2015-லேயே மறைந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே பாய் விரித்துச் சாப்பிடுகிற குடும்பங்களுக்கு அவர் பெயர் தெரியாது, நிழல் தெரியும்.

● தீசிஸ் மாணவி, தர்மபுரி: நல்ல தலைப்பு ஒன்று கொடுங்கள்.

தலைப்புக் கொடுக்கமாட்டேன், விதி ஒன்று கொடுக்கிறேன்: டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய இடமாக எடுங்கள். இருபது தடவை போகவேண்டியிருக்கும். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, சந்தை நாளில் ஒருமுறை, மழையில் ஒருமுறை. பார்சிலோனாவை எடுத்தவர்களுக்குக் கூகுள்தான் வழித்துணை.

● ஊர் தெரியவில்லை, தபால் முத்திரை அழிந்துவிட்டது: சேரலாமா, வேண்டாமா? முடிவெடுக்க ஒரு வழி சொல்லுங்கள்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். அதற்குள் ஒரு நல்ல கோடைமழையாவது ஆடிமழையாவது உங்கள் ஊரில் பெய்யும். குடையை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர் போகிற வழியே நடங்கள். எந்தச் சாக்கடையில் விழுகிறது, எந்த வாய்க்காலில் சேருகிறது, எங்கே அடைத்திருக்கிறது, யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். பாதியில் 'போதும், நனைகிறது' என்று திரும்பிவிட்டால் ஒரு நல்ல அலுவலகத்தில் வேலைக்குச் சேருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. கடைசி ஏரி வரைக்கும் போய்விட்டீர்களானால், வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள்.